ஒக்க பூட்ட அன்னம்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, "இத்தயும் மறச்சிட்டான் பாரு" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அதிலும் நான் சாதாரண மடையன் இல்லை. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்து, தெலுங்கில் சண்டை போட்டு, தெலுங்கில் கடன் சொல்லி வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தெலுங்கு வார்த்தையைக் காதில் வாங்காமல், ஆந்திராவில் எங்கள் புத்தூர் காலேஜ் மைதானத்தில் அறுத்துப் போட்ட வாழைமரம் மாதிரி விழுந்தேன்.

விடிந்தும் விடியாத நேரம். மழை பெய்து ஓரிரண்டு நாள் ஆகியிருக்கும். மைதானத்தின் கேட்டுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில் மைசூர் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் மாவு விழும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்கவே முடியாது. ஆனால் கேட்டது.

ஓடிக்கொண்டே திரும்பி போண்டாவைப் பார்த்தேன். அடுத்து மண்ணைத்தான் பார்த்தேன்.

வாயில் செம்மண். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் ருசியாகவே இருந்தது. மண்ணே ருசிக்கிறது என்றால் வயிறு எந்த நிலைமையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்:

"மேடம்! ரோட்டு ரோலர் படிப்போயிந்தி!"

ரோட்டு ரோலர் விழுந்துவிட்டதாம். அந்த ரோட்டு ரோலர் நான்தான்.

எஸ்டிடி பூதம்

நான் எப்படி ரோட்டு ரோலர் ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தேசம் கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்த காலம். திறந்த கதவு வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத். அதை வைத்தவன் நான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போன், சிவப்பு எழுத்து ஓடும் ஒரு மீட்டர், ஒரு டேபிள் ஃபேன். வெளியே என் நாற்காலி.

வீட்டுக்கு ஓர் ஆண் குவைத்தில் இருந்தான் எங்கள் பக்கத்தில். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்றைக்கு என் பூத்தில் பெண்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது, அதனால் எல்லார் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கவனித்தேன். மாமியார் கொடுமையோ, நிலத்துத் தகராறோ, எதுவாக இருந்தாலும் அது இரண்டாவதுதான். போனை எடுத்ததும் எந்தப் பெண்ணும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று:

"துன்னியா?"

சாப்பிட்டாயா என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்போம். காது கொடுத்துக் கேட்பவனுக்கும் பசிக்கும் இல்லையா? அவர்கள் கேட்கக் கேட்க நான் தின்றேன். காலையில் போண்டா, நடுவில் முறுக்கு, மத்தியானம் என் மனைவி தனம் கொண்டுவரும் அடுக்குக் கேரியர், சாயங்காலம் மறுபடி போண்டா. வயிறு மேஜையைத் தொட்டது. மேஜையை நகர்த்தினேன். மறுபடி தொட்டது. மேஜையை வாசலுக்கே தள்ளிவிட்டேன். கடைக்கு இடம் பற்றவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'எஸ்டிடி பூத்' என்பதை 'எஸ்டிடி பூதம்' என்று மாற்றிப் படித்துவிட்டுப் போனார்கள். எழுத்துப் பிழைதான், ஆனால் பொருள் பிழை இல்லை.

நிழலுக்கு மட்டும் வந்தவர்

வடமாலபேட்டை மாங்காய் வியாபாரி ஒருவர் தினமும் என் பூத்துக்கு வந்து மெட்ராஸுக்குப் பேசுவார். ஒருநாள் வந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பெட்டிக்குள் போகவில்லை. வாசலில் நின்று, இடுப்பிலிருந்து செங்கல் மாதிரி ஒன்றை உருவிக் காதில் வைத்துப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "வெயிலு, அதான் இங்க நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு இனி என் நிழல் போதும், போன் வேண்டாம். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு வியாபாரி இடுப்பில் இருப்பது நாளைக்கு எல்லார் இடுப்பிலும் இருக்கும். அப்புறம் நானும் ஃபேனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் குவைத்து ஏஜெண்டு ஒருவர் இருந்தார். ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆட்கள் எடுப்பதாகச் சொன்னார்கள். போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, இடமும் வலமும் பார்த்தார்.

"கம்பெனிக்காரங்க தசராவுக்கு முன்னாடி வர்றாங்க. வெய்ட்டு பாப்பாங்க, கிரவுண்டுல ஓட வெப்பாங்க. நடந்தா அவுட்டு. ஒன்னு சொல்றேன் தம்பி, வயிறு முன்னால வந்து, நீ பின்னால வரக்கூடாது."

திரும்பி வரும்போது ரேணிகுண்டா ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷினில் ஏறினேன். அது கலர் கலராக விளக்குப் போட்டுச் சுற்றியது, பெருமூச்சு விட்டது, ஓர் அட்டையைத் துப்பியது. ஒரு பக்கம் என் எடை, மறுபக்கம் என் ஜாதகம். 'நீங்கள் எங்கு சென்றாலும் பெரிய இடத்தைப் பிடிப்பீர்கள்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பின்பக்கத்தை எழுதியிருக்க வேண்டும்.

பஸ் ஹாரன்

ரமாதேவி மேடம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு போலீஸ் வேலைத் தேர்வுக்காகக் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கர்னூல் பக்கத்துக்காரர், விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், வாயில் அதைவிடப் பெரிய விசில். தமிழ் புரியும், முழுசாகப் பேச வராது. எனக்கு தெலுங்கு எல்லாமே வரும் என்று என் எண்ணம்.

முதல் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். "ஓடறதுக்கு வந்தாவா, பாவியில நீள்ளு சேந்தடானிக்கு வந்தாவா?" என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகக் கேட்டார். கிணற்றில் தண்ணீர் சேந்த வந்தாயா என்று அர்த்தம். மறுநாள் அரைக்கால் சட்டையோடு போனேன். சட்டையைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஓடுவார்கள், அவர்கள் கிளப்பிய புழுதியில் நான் ஓடுவேன்.

சில நாள் கழித்து, மைதானத்தைச் சுற்றி மூச்சு இரைக்க ஓடிக்கொண்டே மேடத்தைக் கேட்டேன்: "மேடம், சாப்பாடு எப்பிடி?"

மேடம் கையைத் தூக்கிச் சொன்னார்: "ஒக்க பூட்ட அன்னம்..."

சரியாக அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு திருப்பதி பஸ் ஹாரன் அடித்தது. எங்கள் ஊர் டிரைவர்களுக்கு ஹாரன் என்பது இன்னொரு ஆக்ஸிலேட்டர். அது அடித்து ஓய்வதற்குள் நான் அடுத்த வளைவுக்குப் போய்விட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன், சரி மேடம்!

தெலுங்கில் 'ஒக்க பூட்ட' என்றால் ஒரு வேளை. அன்னம், நமக்குத் தெரிந்த சோறுதான். ஒரு வேளைச் சோறு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வாய்க்குப் போட்ட பூட்டு

நான் அப்படிப் புரிந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கம் சனிக்கிழமையில் ஏழுமலையானுக்கு 'ஒக்கபொத்து' இருப்பார்கள். நாளுக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. அந்த வார்த்தை காதில் ஊறிப் போனவனுக்கு 'ஒக்க பூட்ட' என்றதும் மூளை நேராக அந்தத் தண்டவாளத்தில்தான் போகும்.

அதோடு உடம்பு இளைக்கிறதுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று எங்கள் தெருவில் சொன்னால், சிரித்தே என்னைக் கொன்றுவிடுவார்கள். சோற்றுக்காகக் கடல் தாண்டிப் போகிற ஊரில், வீட்டில் இருக்கிற சோற்றை வேண்டாம் என்பவனை யார் மதிப்பார்கள்? அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "ஒக்கபொத்து" என்றேன். தினமுமா என்று கேட்டார்கள். "பெரிய வேண்டுதல்" என்றேன்.

அவ்வளவுதான். போண்டாக்காரர் என்னைப் பார்த்தால் கும்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் என் இலையை அவர்களே எடுத்துவிட்டார்கள், அவர்கள் கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன். இந்த உலகத்தில் பட்டினி கிடப்பவனுக்கு யாராவது சோறு போடுவார்கள், சாமிக்குப் பட்டினி கிடப்பவனுக்கு மட்டும் போட மாட்டார்கள்.

தனம் என் அத்தை மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், "மாமா, ஒரு வாய் துன்னேன்" என்பாள். "ஒக்கபொத்து" என்பேன். "அந்த ஏழுமலையான் மட்டும் வேளாவேளைக்கு லட்டும் வடையும் துன்னுகினு கீறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துப் போவாள்.

முதலில் எடை நன்றாகத்தான் இறங்கியது. ரேணிகுண்டா மிஷினுக்கும் எனக்கும் நல்ல உறவு. அப்புறம் ஒரு கட்டத்தில் எடை இறங்காமல் நின்றுவிட்டது. நான் என்ன செய்வேன்? சாயங்காலமும் ஓடினேன். அப்போதும் நின்ற இடத்தில் நின்றது. ஒரு வேளைச் சோற்றிலும் பாதியைக் குறைத்தேன்.

வெயில் காலத்தில் குளிர்ந்தது. தூக்கம் வரவில்லை, பூத்தில் உட்கார்ந்தால் மட்டும் வந்தது. குவைத்துக்குப் பேச வந்த பெண்ணுக்கு நம்பரை மாற்றிப் போட்டு, யாரோ ஓர் அரபுக்காரரிடம் "துன்னியா?" என்று கேட்க வைத்தேன். அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை, சாப்பிடாதவர் குரல் மாதிரிதான் இருந்தது. ஒரு கிழவர் சில்லறை கேட்டதற்கு அவரிடம் எரிந்து விழுந்தேன். ஊரெல்லாம் சிரிக்க வைத்தவன், சிரிக்கவே மறந்துவிட்டேன். உடம்பில் குறைந்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த இடத்தில் எங்கள் நைனாவின் மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஒரு கோடையில் எங்கள் நிலத்துப் போர்வெல் வற்றிவிட்டது. பைப்பில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. நைனா மோட்டாரை நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும், வந்துரும்" என்று பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வரவில்லை, புகை வந்தது. மோட்டாரின் காயில் கம்பி கருகிப் போயிற்று. தண்ணீரை ஊற விட்டு, அப்புறம் ஓட்டியிருந்தால் வேர்க்கடலைப் பயிரும் பிழைத்திருக்கும், மோட்டாரும் பிழைத்திருக்கும். அன்றைக்கு நான் நைனாவைப் பார்த்துச் சிரித்தேன். மடையனுக்குப் பிறந்தவன் மடையன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கை சாப்பிட்ட முட்டை

மறுபடியும் செம்மண்ணுக்கு வருவோம்.

மேடம் முகத்தில் தண்ணீர் தெளித்து என்னை உட்கார வைத்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவால் விசிறினாள், என்னை ரோட்டு ரோலர் என்றவள்தான்.

"ராத்திரி ஏம் தின்னாவு?" என்று கேட்டார் மேடம். என்ன சாப்பிட்டாய் என்று.

"ஒன்னும் துன்னல மேடம்."

"எந்துக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கதான மேடம் சொன்னீங்க? ஒக்க பூட்ட அன்னம்னு!"

மேடம் என்னையே பார்த்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓரி நாயனா! ஒக்க பூட்ட அன்னம் *மானெய்* அன்னானு ரா!"

மானெய் என்றால் விட்டுவிடு. ஒரு வேளை மட்டும் சோற்றை விடு, மற்ற வேளை ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பதி பஸ் தின்றுவிட்டது. மற்றதையெல்லாம் நான் தின்னாமல் விட்டேன்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் போண்டாக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் உயிர் போனது. மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ காரும் ரயிலும் ஏறி எங்கள் ஊருக்கு வருவார்கள், புத்தூர் கட்டு அவ்வளவு பேர் பெற்றது. உள்ளூரிலேயே விழுந்து, நடந்தே போய்க் கட்டுப் போட்டுக்கொண்ட பெருமை எனக்கு. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் அந்த முட்டையின் வாசனை மூக்குக்கு ஏறியது. பல வாரமாக நான் முட்டையைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் என் கை சாப்பிட்டுவிட்டது.

தனம் வந்தாள். வேண்டுதல் பொய் என்பதை மேடமே சொல்லிவிட்டார், இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, திட்டுவதற்கு மொழி தேவையில்லை போலிருக்கிறது. தனம் என் கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் மாமா, ஒக்கபொத்து இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க? செவனேன்னு ஒரு மூலயில ஒக்காந்திருப்பாங்க. எவன்னா கிரவுண்ட சுத்தி ஓடிக்கினு இருப்பானா? ஒன்னு ஓடு, துன்னு. இல்ல, துன்னாத, ஒக்காரு. ரெண்டுல ஒன்னு பண்ணு."

இத்தனை வருஷத்தில் எடை குறைப்பதைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஊற விட்டு ஓட்டுதல்

தசராவுக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கக்கூடத் துணிவில்லை. ஏஜெண்டுதான் போன் செய்து, "சங்கராந்தி கழிச்சி இன்னொரு தடவ வருவாங்க. அதுதான் கடேசி. பாத்துக்கோ" என்றார். அதற்குள் எங்கள் பஜாரில் செல்போனுக்கென்றே ஒரு கடை திறந்துவிட்டார்கள். சீரியல் விளக்கெல்லாம் போட்டிருந்தது. என் மீட்டர் பாதி நாள் இருட்டிலேயே இருந்தது.

மேடம் கட்டளை போட்டார். இந்த முறை பஸ் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஓடுமுன் ஒரு வாழைப்பழம். ஓடி வந்ததும் முட்டை. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை. சாயங்காலம் அவித்த வேர்க்கடலை ஒரு பிடி. ராத்திரி மட்டும் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களி. வாரத்தில் ஒருநாள் ஓடவே கூடாது. போண்டா?

"போண்டாவா?" என்று விசிலைக் கையில் எடுத்தார். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

முதல் நாள் அவ்வளவையும் தட்டில் பார்த்தபோது பயமாக இருந்தது. திருடிச் சாப்பிடுகிறவன் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வேண்டுதல் முடிந்ததா என்று தெருவில் கேட்டார்கள். "முடிஞ்சிச்சி" என்றாள் தனம், "சாமியே வந்து போதும்னுட்டாரு."

கட்டுப் பிரித்ததும் மறுபடி மைதானம். இரண்டாவது வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஓடிக்கொண்டே ஒரு ஜோக் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்படியும் மூச்சு மிச்சம் இருந்தது. ரேணிகுண்டா மிஷின் அவசரப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கியது. மேஜையை வாசலிலிருந்து உள்ளே கொண்டுவந்து போட்டோம். ஒரு மார்கழிக் காலையில், பனி மூட்டத்தில், புழுதிக்குப் பின்னால் இல்லாமல் புழுதிக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் ஓடியவள், "அண்ணா, ரோட்டு ரோலருக்கு கியர் உந்தா?" என்றாள். இருக்கிறது என்று காட்டினேன். அடுத்த வளைவில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்பது வேறு விஷயம்.

சங்கராந்தி கழிந்து திருப்பதியில் ஓட வைத்தார்கள். காலையில் தனம் கொடுத்த இரண்டு முட்டையும் வாழைப்பழமும் வயிற்றில் இருந்தன. எனக்கு முன்னால் ஓடிய ஒரு பையன், எடைக்குப் பயந்து முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பாதியில் உட்கார்ந்துவிட்டான். நான் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில்தான் வந்தேன். ஆனால் நடக்கவில்லை. வயிறும் நானும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினோம். ஏஜெண்டு என் முதுகில் தட்டினார். முன்பு தட்டினால் அலை அடிக்கும். இப்போது அடிக்கவில்லை.

குவைத்து போய் முதல் வெள்ளிக்கிழமை. போன் பேசும் கடையில் வரிசையில் நின்று, என் பூத்துக்கே போட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனம் எடுத்தாள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாயைத் திறக்குமுன் நானே ஆரம்பித்தேன்.

"காலையில ரொட்டி, ரெண்டு முட்ட. மத்தியானம் சோறு, பருப்பு, மீனு. நம்ம கடப்பக்காரரு ஒருத்தரு இருக்காரு, சாயங்காலம் கடல அவிச்சாரு. ராத்திரி ரொட்டி, கீர. ஒரு வேளகூட விடல தனம். மூணு வேளையும் நல்லா துன்னேன்."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் புத்தூர் ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. இந்த முறை அவசரப்படவில்லை. அது அடித்து ஓயும்வரை காதைப் போனில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

தனம் கேட்டாள்:

"சரி, ஓடுனியா?"